ஒவ்வொரு ரத்தக்குழாயும் தன் வேலைய மட்டும் பாத்தா மொத்த நெட்வொர்க் எப்படி நிக்குது?

கேள்வி என்னன்னா, ரத்தக்குழாய்ங்க தனக்குள்ள ஓடுற ஃப்ளோவுக்கு ஏத்த மாதிரி தானாவே அகலமாகுது, சுருங்குதுன்னு சொல்றாங்க, ஆனா எந்தக் குழாய்க்கும் மொத்த நெட்வொர்க்கோட மேப் தெரியாது, அப்புறம் எப்படி எல்லாம் சேர்ந்து ஒழுங்கா நிக்குது, இத கணக்கா எழுத முடியுமா.

முடியும். முதல் பாதிக்கு ஸ்கூல் கால்குலஸ் போதும். வம்பு ரெண்டாவது பாதிலதான், ஏன்னா ஒத்தக் குழாய்க்கு அருமையா வேல செய்யுற ரூல நெட்வொர்க்ல தூக்கிப் போட்டா அது லூப் (ஒரு இடத்துக்கு ரெண்டு வழியா போக முடியற சுத்துப் பாதை) எல்லாத்தையும் ஒண்ணு விடாம கொன்னுடும், ஆனா நம்ம உடம்புல லூப் ஏகப்பட்டது இருக்கு. இந்த ஃபீல்டுல முக்கியமான பேப்பர் நிறைய இந்த ஒரு இடத்துல வந்துதான் முட்டி நிக்குது, அதனால நானும் அங்கதான் அதிக நேரம் செலவழிக்கப் போறேன்.

முதல்ல அடிப்படை. 1840கள்ல புவாசேய்ங்கற பிரெஞ்சு டாக்டர் மெல்லிய கண்ணாடிக் குழாய்கள வச்சு அளந்து கண்டுபிடிச்சது, ஒரே பிரஷர் வித்தியாசத்துக்கு குழாய்ல ஓடுற அளவு ஆரத்தோட நாலாம் அடுக்குக்கு நேர்விகிதம். ஆரம் ரெண்டு மடங்கானா ஃப்ளோ 16 மடங்கு. ஆரம் வெறும் 10% குறைஞ்சா ஃப்ளோல மூணுல ஒரு பங்கு காலி. இந்த நாலாம் அடுக்குதான் பின்னாடி வர்ற எல்லா கூத்துக்கும் காரணம், மனசுல வச்சுக்கோங்க.

அடுத்து 1926ல செசில் முர்ரே. அவர் ரெண்டு செலவ மட்டும் பாத்தார். ரத்தத்த தள்ளுறதுக்கு ஆகுற பவர், அது ஃப்ளோவோட வர்க்கத்த ஆரத்தோட நாலாம் அடுக்கால வகுத்தா வரும். இன்னொண்ணு ரத்தத்தையும் குழாயையும் வச்சு பராமரிக்கிற செலவு, அது கொள்ளளவுக்கு, அதாவது ஆரத்தோட வர்க்கத்துக்கு நேர்விகிதம். குழாய் குறுகலா இருந்தா தள்ளுற செலவு எகிறும், அகலமா இருந்தா பராமரிப்பு எகிறும், ரெண்டையும் கூட்டி டெரிவேட்டிவ் எடுத்து சைபர்னு போட்டா, ஃப்ளோ ஆரத்தோட கனத்துக்கு (மூணாம் அடுக்குக்கு) நேர்விகிதமா இருக்கும்போது செலவு கம்மின்னு வந்துடும். கிளை பிரியற இடத்துல ஃப்ளோ கூட்டிக்கழிச்சு சரியா இருக்கணும்ல, அதனால தாய்க்குழாய் ஆரத்தோட கனம் பிள்ளைக்குழாய் ஆரங்களோட கனங்களோட கூட்டுத்தொகைக்கு சமம். சமமா ரெண்டா பிரிஞ்சா பிள்ளை தாயோட 79% அகலம்.

இதுவரைக்கும் இது உடம்பு சிக்கனமா இருக்கும்னு ஒரு நம்பிக்கைதான். ஆனா ஒண்ணு கவனிங்க. குழாய்ச் சுவர்ல ரத்தம் உரசிட்டு போற இழுவிசை இருக்குல்ல, ஷியர் ஸ்ட்ரெஸ், அதோட ஃபார்முலா ஃப்ளோவ ஆரத்தோட கனத்தால வகுத்து, விஸ்காசிட்டியாலயும் (ரத்தத்தோட பிசுபிசுப்பு) ஒரு மாறிலியாலயும் பெருக்கினது. முர்ரே சொன்ன மாதிரி ஃப்ளோ ஆரத்தோட கனத்துக்கு நேர்விகிதம்னா, எல்லா குழாய்லயும் ஷியர் ஒரே அளவுதான் இருக்கணும். அப்ப ஒரு குழாய்க்கு மேப் எதுக்கு? தன் சுவர்ல உரசல் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல போனா அகலமாகு, கீழ போனா சுருங்கு, அவ்ளோதான் ரூல்.

இப்படி ஒண்ணு நடக்குதுன்னு 1893லயே ரிச்சர்ட் தோமா கோழிக்கருவப் பாத்து எழுதியிருக்கார், வேகமா ஓடுற குழாய் பெருக்குது, மந்தமா ஓடுறது சிறுத்துப் போகுதுன்னு. 1980ல காமியாவும் தோகாவாவும் நாயோட கழுத்துத் தமனிய பக்கத்துல இருக்கற சிரையோட இணைச்சு ஃப்ளோவ ஏத்திவிட்டு, மாசக்கணக்குல விட்டுப் பாத்தப்ப குழாய் அகலமாகி ஷியர் பழைய அளவுக்கு கிட்டத்தட்ட திரும்பி வந்துடுச்சு. 1986ல லாங்கில் குழு முயல்ல ஃப்ளோவ குறைச்சுப் பாத்தாங்க, குழாய் சுருங்குச்சு, உள்பக்க எண்டோதீலியம் செல் வரிசைய நீக்கிட்டா சுருங்கல. ஆக உணர்றது அந்த செல்லுங்கதான். அது பியசோ1 மாதிரியான சேனல் (செல் சவ்வுல வாசல் மாதிரி இருக்கற புரதம்) வழியா இழுவிசைய உணர்ந்து நைட்ரிக் ஆக்ஸைடு விட்டு குழாய உடனே தளர்த்தும், அதே நிலைமை வாரக்கணக்குல நீடிச்சா சுவரையே மாத்திக் கட்டும். இந்த ரெண்டும் வேற வேற டைம் ஸ்கேல், மாடல் எழுதும்போது ஒண்ணா போட்டு குழப்பிக்காதீங்க, இங்க நான் பேசுறது ரெண்டாவது பத்தி மட்டும்.

ஈக்வேஷனா எழுதணும்னா, ஆரம் மாறுற வேகம் = ஒரு மாறிலி × ஆரம் × (இப்போதைய ஷியர் கழித்தல் செட் பாயிண்ட்), செட் பாயிண்ட்னா மேல சொன்ன அந்தக் குறிப்பிட்ட அளவு. பெரிய தமனிங்களுக்கு செட் பாயிண்ட் சுமாரா 1.5 பாஸ்கல்னு எடுப்பாங்க. ஃப்ளோ ஃபிக்ஸ் பண்ணின ஒத்தக் குழாய்ல இது ஜம்முனு நிக்கும், அகலமானா ஷியர் கனத்துல விழும், உடனே பிரேக் பிடிச்சிடும். ஃப்ளோ ரெண்டு மடங்கானா குழாய் 26% அகலமானா போதும்.

இப்ப அதே குழாய்ல ஃப்ளோவ ஃபிக்ஸ் பண்ணாம ரெண்டு முனை பிரஷரையும் ஃபிக்ஸ் பண்ணுங்க. இப்ப ஷியர் ஆரத்துக்கு நேர்விகிதம் ஆகிடும், ஏன்னா அகலமாக ஆக ஃப்ளோ நாலாம் அடுக்குல ஏறுது, கீழ வகுக்கறது கனம்தான். அகலமானா ஷியர் கூடும், கூடினா இன்னும் அகலமாகும், பிரேக்கே கிடையாது. ரூல் அதேதான், பவுண்டரி கண்டிஷன் மட்டும்தான் மாறிச்சு, நிலையா இருந்தது வெடிக்குது. நிஜ குழாய் இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கு, தனக்கு முன்னாடி ஒரு ரெசிஸ்டன்ஸ வச்சுக்கிட்டு. அந்தக் கணக்கப் போட்டா ஒரு அழகான பதில் வரும், குழாயோட சொந்த ரெசிஸ்டன்ஸ் வெளில இருக்கற ரெசிஸ்டன்ஸோட மூணு மடங்குக்கு கீழ இருந்தா நிலையா இருக்கும், மேல போனா கவுந்துடும். பேப்பர் எடுத்து நீங்களே போட்டுப் பாருங்க, ரெண்டு வரிதான்.

இதுக்கு நிஜ உதாரணம் டயாலிசிஸுக்கு மணிக்கட்டுல போடுற ஃபிஸ்டுலா. தமனியையும் சிரையையும் சர்ஜன் நேரா தைச்சு இணைச்சிடுவார், ஓட்டம் பல மடங்கு ஏறும், சிரை வாரக்கணக்குல பெருக்கும். ஃபிஸ்டுலா தயாரான்னு பாக்க டாக்டருங்க வச்சிருக்கற ஒரு அளவுகோல் இருக்கு, 6 வாரத்துல 6 மில்லிமீட்டர் விட்டம், நிமிஷத்துக்கு 600 மில்லி. ரத்த விஸ்காசிட்டிய 3.5 மில்லிபாஸ்கல் செகண்டுன்னு போட்டு இந்த ரெண்டு நம்பரையும் ஷியர் ஃபார்முலால விட்டா 1.65 பாஸ்கல் வருது. தமனியோட செட் பாயிண்டுக்கு பக்கத்துல! அங்க ஓட்டம் அவ்ளோ சீரா இருக்காது, புவாசேய் கணக்கு தோராயம்தான், இருந்தாலும் எனக்கு இது ரொம்பப் பிடிச்ச கணக்கு. சில பேருக்கு ஃபிஸ்டுலா பெருக்காமலே அடைச்சுப் போறதும், சில பேருக்கு அளவுக்கு மீறி பெருத்து ஹார்ட்டுக்கு சுமையாகறதும் உண்டு, அதுக்கு மருத்துவக் காரணம் பல இருக்கு, ஆனா மாடல்லயும் இந்த ரெண்டு பக்கமும் இருக்குங்கறத கவனிங்க.

சரி, லூப்புக்கு வருவோம். ஒரே இடத்துல ஆரம்பிச்சு ஒரே இடத்துல முடியற ரெண்டு குழாய், பக்கத்துல பக்கத்துல, நீளம் சமம், ஒண்ணு 10 மைக்ரான் ஆரம், இன்னொண்ணு 11. மொத்த ஃப்ளோ ஃபிக்ஸ். ரெண்டுக்கும் பிரஷர் வித்தியாசம் ஒண்ணேதான், அதனால ஷியர் ஆரத்துக்கு நேர்விகிதம், 10க்கு 11. ரெண்டோட ஆரத்தையும் வகுத்து அந்த விகிதம் எப்படி மாறுதுன்னு பாத்தா, செட் பாயிண்ட் கேன்சல் ஆகி, விகிதம் மாறுற வேகம் ரெண்டு ஷியரோட வித்தியாசத்தப் பொறுத்தது மட்டும்னு வரும். அந்த வித்தியாசம் எப்பவும் பெருசு பக்கம்தான். ஆக செட் பாயிண்ட் எங்க வச்சாலும், எவ்ளோ மெதுவா விட்டாலும், இருக்கறவனுக்கே மேல மேல சேரும்ங்கற கதைதான், 11 பெருக்கும், 10 நூலாகி மறையும். இவ்ளோ சின்ன உதாரணத்துல நடக்கறது ஆயிரம் குழாய் நெட்வொர்க்லயும் நடக்கும், லூப் ஒவ்வொண்ணா அறுந்து கடைசில மரம் மாதிரி கிளைகள் மட்டும் மிஞ்சும். 1996ல ஹாக்கிங், வான்பேவல், ஸ்பான் மூணு பேரும் (அந்த ஹாக்கிங் இல்ல, வேற ஆளு) இதத்தான் சொன்னாங்க, ஷியர் மட்டும் வச்சு நெட்வொர்க்க நிறுத்த முடியாதுன்னு.

செலவுக் கணக்குல பாத்தாலும் அதே பதில்தான். முர்ரே கணக்குப்படி ஒரு ஃப்ளோவ கொண்டு போக ஆகுற குறைஞ்ச செலவு, ஃப்ளோவோட 2/3 அடுக்கு. அதே ஃப்ளோவ ரெண்டா பிரிச்சு ரெண்டு குழாய்ல விட்டா செலவு 26% கூடுது. மொத்தமா அனுப்புனா மலிவு. 2007ல போன், மேக்னாஸ்கோ இத பொதுப்படுத்தினாங்க, குழாயோட கண்டக்டன்ஸோட (ரெசிஸ்டன்ஸோட தலைகீழ்) காமா அடுக்குதான் பராமரிப்புச் செலவுன்னு வச்சுக்கிட்டா, காமா 1க்கு கீழ இருந்தா மரம், மேல இருந்தா லூப் நிறைஞ்ச வலை, 1ல பளிச்சுன்னு மாறுது. ரத்தக்குழாய்க்கு கண்டக்டன்ஸ் ஆரத்தோட நாலாம் அடுக்கு, கொள்ளளவு வர்க்கம், அப்ப காமா அரை. மரம் பக்கம்தான் உக்காந்திருக்கு.

இங்க உங்க மேப் கேள்விக்கு நேரடி பதில் சொல்லிடறேன். 2013ல டான் ஹுவும் டேவிட் காயும் காட்டினது, ஒவ்வொரு குழாயும் தன் ஃப்ளோவையும் தன் அகலத்தையும் மட்டும் பாத்து மாறினாலும், மொத்த நெட்வொர்க்கோட செலவு சரிவுல இறங்கிட்டே இருக்குங்கறது. எப்படி சாத்தியம்? ஒரு குழாய மாத்தினா மத்த எல்லா குழாய்லயும் ஃப்ளோ மாறுமே, அந்த மாற்றத்தோட செலவ யார் பாக்கறது? விஷயம் என்னன்னா, உள்ள போற வெளிய வர்ற ஃப்ளோ ஃபிக்ஸா இருந்தா, ரத்தம் ஏற்கனவே மொத்த எனர்ஜி இழப்பு குறைஞ்சபட்சமா இருக்கற மாதிரிதான் தன்னப் பிரிச்சுக்கிட்டு ஓடுது, ரெசிஸ்டர் நெட்வொர்க்ல கரண்ட் பிரியற மாதிரியே. ஏற்கனவே அடிமட்டத்துல இருக்கற ஒண்ணுல ஃப்ளோ லேசா இடம் மாறினா முதல் ஆர்டர்ல செலவு மாறாது. அதனால மத்த குழாய்ங்களோட மாற்றம் டெரிவேட்டிவ்ல வராமலே போயிடுது, சொந்தக் கணக்கு மட்டும் மிஞ்சுது. இயற்பியல் இலவசமா அந்த மேப் வேலைய செஞ்சு குடுத்துடுது. எனக்கு இந்த டாபிக்ல இதவிட அழகான இடம் இல்ல.

அப்ப நிஜத்துல லூப் எப்படி உயிரோட இருக்கு? மூளையோட மேற்பரப்புத் தமனிங்க லூப் லூப்பா பின்னிக்கிட்டு இருக்கு, அடியில வில்லிஸ் வட்டம்னு பெரிய லூப்பே இருக்கு, தந்துகிங்க முழுக்க வலைதான். ரெண்டு வகையா பதில் சொல்றாங்க.

ஒண்ணு, குழாய்க்கு ஷியர் மட்டும் சிக்னல் இல்ல. ஆக்செல் ப்ரீஸ், டிமோத்தி செகோம்ப் குழு எலியோட குடல் சவ்வுல இருக்கற நுண்குழாய் நெட்வொர்க்குகள நூத்துக்கணக்கான துண்டா அளந்து கம்ப்யூட்டர்ல ஏத்தி, 1990கள்ல இருந்து மாடல் கட்டினாங்க. ஷியர் கூடினா பெருக்கும், பிரஷர் கூடினா அந்த ஷியரோட செட் பாயிண்டே மேல போகும், ஃப்ளோ குறைஞ்சு ஆக்ஸிஜன் பத்தலன்னா பெருக்கச் சொல்ற ஒரு மெட்டபாலிக் சிக்னல், இது எதுவும் இல்லன்னா தானா சுருங்கிட்டே போற ஒரு சுபாவம். மந்தமான குழாய்க்கு மெட்டபாலிக் சிக்னல் கை குடுக்கறதால அது மொத்தமா செத்துப் போறதில்ல. ஆனா அதுலயும் ஒரு ஓட்டை இருந்துச்சு. தமனில இருந்து சிரைக்கு குறுக்கு வழியா ஒரு சின்ன பாதை இருந்தா அதுல ரெசிஸ்டன்ஸ் கம்மி, ஃப்ளோ ஜாஸ்தி, ஷியர் ஜாஸ்தி, அது பெருத்து எல்லா ரத்தத்தையும் இழுத்துக்கும், தூரத்து திசு பட்டினி. இதத் தடுக்க அவங்க சேத்தது, எண்டோதீலியம் செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு மின் இணைப்புல இருக்கறதால தந்துகில ஏற்படுற சிக்னல் குழாய்ச் சுவர் வழியாவே மேல்பக்கமா, தமனிய நோக்கி போகும்ங்கறது. தனக்குக் கீழ எத்தன தந்துகி தொங்குதோ அத்தன சிக்னல் மேல வந்து சேரும், அதனால நீளப் பாதைக்கு ஊட்டுற குழாய் குறுக்கு வழியவிட பலமான சிக்னல் வாங்கும். கிட்டத்தட்ட ஒரு மேப் மாதிரிதான் இது, ஆனா கைமாத்தி கைமாத்தி வந்த மேப்.

இன்னொரு பதில் இயற்பியல்காரங்ககிட்ட இருந்து. 2010ல காட்டிஃபோரி குழுவும், தனியா கோர்சனும், ஃப்ளோ எப்பவும் ஒரே மாதிரி இருக்கும்னு நெனச்சதுதான் தப்புன்னு காட்டினாங்க. ரெண்டு சம கிளைகளுக்கு நடுவுல ஒரு பாலக் குழாய் போடுங்க. ரெண்டு பக்கமும் தேவை சமமா இருந்தா பாலத்துல ஃப்ளோ சைபர், ஷியர் சைபர், அது செத்துடும். இப்ப தேவை மாறி மாறி வருது, ஒரு நேரம் இடது பக்கம் அதிகம் கேக்குது, அடுத்து வலது பக்கம். பாலத்துல ஃப்ளோ ஒருமுறை +1, ஒருமுறை -1. சராசரி இப்பவும் சைபர்தான், ஆனா வர்க்கத்தோட சராசரி 1. குழாய் மெதுவா மாறுறதால அது சராசரியா எடுத்துக்கறது உரசலோட அளவத்தான், திசைய இல்ல, அப்ப பாலம் பொழச்சுக்குது. எங்கயாவது ஒரு குழாய் அறுந்தாலும் எல்லாருக்கும் சப்ளை போகணும்னு நிபந்தனை போட்டாலும் லூப் வருது, இலை நரம்பு வலை அப்படி இருக்கறதுக்கும் இந்த ரெண்டு காரணத்தத்தான் சொல்றாங்க.

ரெண்டுல எது சரின்னு கேட்டா, என் கணிப்பு, நுண்குழாய் அளவுல ப்ரீஸ் சொல்ற சிக்னல்கள் இல்லாம ஒண்ணும் நடக்காது, மூளை மேற்பரப்பு மாதிரி இடத்துல ஏற்ற இறக்கக் கணக்கு நல்லா பொருந்துது. அதே நேரம் லூப் எல்லாம் பொழைக்கணும்னும் இல்ல, ஜீப்ராஃபிஷ்ங்கற சின்ன மீனோட குஞ்சு மூளைல வளர்ச்சிக் காலத்துல மந்தமான துண்டுங்க நிஜமாவே கத்தரிக்கப்படுறத 2012ல நேரடியா படம் பிடிச்சாங்க, பழைய ரூல் அங்க தன் வேலையச் செய்யுது.

முர்ரேய வேதவாக்கா எடுத்துக்காதீங்க. கன விதி சின்னக் குழாய்ல ஓரளவு நிக்கும், பெரிய தமனில அடுக்கு 2 பக்கம் போயிடும், அங்க துடிப்பு அலை கிளைல மோதி திரும்பாம இருக்கறதும் முக்கியம். செட் பாயிண்டும் உலகப் பொது நம்பர் இல்ல, சிரைல கம்மி, சுண்டெலியோட பெருந்தமனில மனுசனவிட சுமார் 20 மடங்கு அதிகம். ரத்தமும் தண்ணி மாதிரி இல்ல, 0.3 மில்லிமீட்டருக்கு கீழ குழாய் குறுக குறுக விஸ்காசிட்டி குறையும்னு 1931லயே ஃபேரியஸ், லிண்ட்க்விஸ்ட் காட்டிட்டாங்க, தந்துகி அளவுக்குப் போனாதான் அது திரும்ப ஏறும்.

நீங்களே கோட் எழுதிப் பாக்கறதா இருந்தா, ஒரு முக்கோண கிரிட் எடுங்க, ஒரு மூலைல ரத்தம் உள்ள வரட்டும், மத்த நோட் (குழாய்ங்க சேர்ற புள்ளி) எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உறிஞ்சட்டும், ஒவ்வொரு நோட்லயும் வர்றதும் போறதும் சமம்னு எழுதினா ஒரு லீனியர் சிஸ்டம், அத சால்வ் பண்ணி பிரஷர் எடுத்து, ஃப்ளோ எடுத்து, அகலத்த லேசா மாத்தி, திரும்பவும் சால்வ். ஒரு நோட்ல பிரஷர சைபர்னு பிடிச்சு வைக்கலன்னா மேட்ரிக்ஸ் சிங்குலர்னு திட்டும். ஆரத்துக்கு பதிலா ஆரத்தோட லாக்க அப்டேட் பண்ணுங்க, நெகட்டிவ் ஆகாது. மறைஞ்சு போற குழாய நிஜமா சைபராக்காம ஒரு குறைஞ்சபட்சம் வைங்க. வேற வேற ரேண்டம் ஆரம்பத்துல இருந்து ஓட்டினா வேற வேற மரம் வரும், அது பக் இல்ல, சரிவுல இறங்கி கிட்ட இருக்கற பள்ளத்துல மாட்டிக்கறது அப்படித்தான். 2016ல ரோனெல்லன்ஃபிட்ச், காட்டிஃபோரி திசு வளர்றதயும் மாடல்ல சேத்தப்ப அந்தப் பள்ளங்கள்ல மாட்டாம நல்ல நெட்வொர்க் வந்துச்சு, ஆரம்பத்த அவ்ளோவா நம்பியும் இல்ல. மரம் வந்ததுக்கப்புறம் அடுத்த ரன்ல உறிஞ்சுற அளவ நோட்டுக்கு நோட் ரேண்டமா மாத்திவிட்டு, ஃப்ளோவோட வர்க்க சராசரிய வச்சு அப்டேட் பண்ணுங்க, மாற்றத்த கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டே போனா எந்த இடத்துல முதல் லூப் பொழைக்குதுன்னு ஸ்கிரீன்லயே பாக்கலாம்.